போர்டிக்சன் தமிழ்ப்பள்ளிகளில் சூழலியல் கல்வி: ஓர் ஆசிரியர் வட்டத்தின் பட்டறிவு

நெகிரி செம்பிலானின் கடலோர மாவட்டமான போர்டிக்சனில், மலாக்கா நீரிணையை ஒட்டி நீளும் மணற்கரைக்கும் அதன் பின்னே லுக்குட், ஜிமா, சுவா பெத்தோங், லிங்கி என விரியும் தோட்டப்புறங்களுக்கும் இடையே இயங்கும் தமிழ்ப்பள்ளிகள், சூழலியல் கல்விக்கு வேண்டிய பொருளைத் தம் வேலிக்கு வெளியிலேயே வைத்திருப்பவை. திடலின் எல்லை முடியும் இடத்தில் செம்பனை நிரை தொடங்கும் பள்ளிகளும், வேனில் சற்று நேரம் சென்றால் கடலைக் காணக்கூடிய பள்ளிகளும் இங்கு உண்டு. ஆயினும் சூழல் பாதுகாப்பு என்ற தலைப்பு வகுப்பறைக்கு வரும்போது, துருவக் கரடியும் அமேசான் காடுமே சுவரொட்டிகளாகத் தொங்குகின்றன. மாணவர் தினமும் கடந்துவரும் வடிகாலும் தோப்பும் பாடத்துக்குள் நுழைவதில்லை. இக்குறையைத் தீர்க்க அண்டைப் பள்ளிகளின் ஆசிரியர் சிலர் தமக்குள் அமைத்துக்கொண்ட சிறு வட்டத்தின் பட்டறிவு, பெரிய திட்டங்களின் அறிக்கைகளில் இடம்பெறாத சில உண்மைகளைக் காட்டுவதால் பதிவுக்குரியதாகிறது.

சூழல் நிலைத்தன்மை எனப் பாடத்திட்டம் குறிப்பது, இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் முறை அடுத்த தலைமுறைக்கு வேண்டிய மண்ணையும் நீரையும் காற்றையும் உயிரினங்களையும் குலைத்துவிடக் கூடாது என்ற கோட்பாட்டையே. இக்கல்வியைத் தனிப்பாடமாக ஒதுக்கிவிடாமல் எல்லாப் பாடங்களின் ஊடாகவும் கொண்டுசெல்ல வேண்டும் என்பது, 1977இல் யுனெஸ்கோவும் ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டமும் திபிலீசி நகரில் நடத்திய மாநாடு வலியுறுத்தியவற்றுள் ஒன்று. மலேசியாவில் 2011இல் தொடங்கிய தொடக்கப்பள்ளிக்கான தர அடிப்படைக் கலைத்திட்டமும் இதே வழியைப் பின்பற்றி, சுற்றுச்சூழல் நிலைத்தன்மையை 'விரவிவரும் கூறுகள்' என்ற பகுதியில் வைத்தது. எந்தப் பாடத்தை நடத்தினாலும் ஆசிரியர் அதனோடு கலந்து தர வேண்டிய மொழி, நன்னெறிப் பண்பு, நாட்டுப்பற்று, தொழில்முனைப்பு ஆகியவையும் அப்பகுதியிலேயே அடங்கும். 2017இல் நடைமுறைக்கு வந்த சீராய்வில் உலகளாவிய நிலைத்தன்மை என்ற கூறும் சேர்ந்தது. கோட்பாட்டளவில் இது சரியான ஏற்பாடே. நடைமுறையிலோ, எல்லாருக்கும் பொதுவான பொறுப்பு எவருக்கும் உரியதாக இல்லாமல் போய், நாள் பாடத்திட்டத்தின் அடியில் எழுதப்படும் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த வரிக்கு உயிர் கொடுக்க நாட்டளவில் நல்ல முயற்சிகள் நடந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. மலேசிய இயற்கைக் கழகம் கல்வி அமைச்சின் துணையோடு 1991 முதல் பள்ளிகளில் இயற்கை நேயர் மன்றங்களை வளர்த்து வருகிறது. சுற்றுச்சூழல் துறையும் கல்வி அமைச்சும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் லெஸ்தாரி கழகமும் இணைந்து 2005இல் 'செக்கோலா லெஸ்தாரி' எனப்படும் நிலைத்தன்மைப் பள்ளி விருதைத் தொடங்கின. 2011இல் உலக இயற்கை நிதியத்தின் மலேசியக் கிளை, பசுமைக் கொடி வழங்கும் சூழல் பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 2005இல் அமைந்த வட்டார வல்லுநர் மையம், ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஏற்பைப் பெற்றதாகும். ஒரு வட்டாரத்தின் பல்கலைக்கழகம், பள்ளி, தன்னார்வ அமைப்பு, ஊராட்சி ஆகியவற்றை ஒரே மேசையில் அமர்த்துவதே அத்தகைய மையங்களின் நோக்கம். ஆனால் இவை எல்லாம் வந்தடையக்கூடிய பள்ளி, பொதுவாக ஆசிரியர் எண்ணிக்கை மிகுந்த பள்ளியாகவே இருக்கிறது. நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர் பயிலும் பள்ளிகளை அமைச்சு 'மாணவர் குறைந்த பள்ளி' என வகைப்படுத்துகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் அவ்வகையைச் சார்ந்தவை. அங்கு அறிவியல் பணித்தியத்தின், அதாவது பாடக்குழுவின், தலைவரே நூலகப் பொறுப்பாளராகவும் விளையாட்டுச் செயலாளராகவும் இருப்பார். மிகச் சிறிய பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே அறையில் சேர்த்து நடத்தும் இணைந்த வகுப்பும் அவருடையதாகவே இருக்கும். அவரிடம் மேலும் ஒரு திட்டத்தை ஒப்படைப்பது உதவியாகாது.

ஆசிரியர் வட்டம் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. ஒருவர் தனித்துச் செய்ய முடியாததை ஐந்தாறு பள்ளிகளின் ஆசிரியர் பகிர்ந்துகொள்வதும், அவர்களுள் சற்று ஓய்வுநேரம் உள்ள ஒருவரோ பணி ஓய்வு பெற்ற ஒருவரோ இணைப்பாசிரியராகப் பள்ளிக்குப் பள்ளி சென்று வருவதுமே அதன் அமைப்பு. 1980களில் நாடெங்கும் எழுந்த ஆசிரியர் நடவடிக்கை மையங்கள், கற்பித்தல் கருவிகளை ஆசிரியர்களே கூடிச் செய்யும் பழக்கத்தை ஒருகாலத்தில் வளர்த்தன. அப்பழக்கத்தின் நினைவு மூத்த ஆசிரியர்களிடம் இருந்தது வட்டத்துக்குத் துணையாயிற்று. இணைப்பாசிரியர் வகுப்பைத் தம் கையில் எடுத்துக்கொள்வதில்லை. அவர் பொருளைக் கொண்டுவருகிறார், ஆசிரியரோடு அமர்ந்து பாடத்தைத் திட்டமிடுகிறார், முதல்முறை வெளியே செல்லும்போது உடன் நடக்கிறார், இரண்டாம் முறை விலகிக்கொள்கிறார். விருந்தினராக வந்து ஒரு நாள் விழா நடத்திச் செல்பவரை மாணவர் விரும்புவர். ஆயினும் அவர் சென்ற பின் பள்ளியில் எதுவும் எஞ்சுவதில்லை என்பது இப்பணியில் இருந்தோர் பலமுறை கண்ட உண்மை.

வட்டத்தின் பாடங்களுள் வேர்கொண்டது செம்பனையின் மகரந்தச் சேர்க்கை பற்றியதாகும். செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலங்களில் தோன்றுவதால், மகரந்தம் ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மரம் மட்டும் மலாயாவுக்கு வந்ததே தவிர, அதன் பூவை நாடும் வண்டு உடன் வரவில்லை. அதனால் பல தோட்டங்களில் தொழிலாளர், அவர்களுள் பெண்கள் பலர், மகரந்தப் பொடியைக் கையால் தூவும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தனர். கேமரூனில் அந்த வண்டை ஆராய்ந்த பூச்சியியலார் ஆர். ஏ. சையதின் பணியைத் தொடர்ந்து, 1981இல் ஜொகூர் குளுவாங்கில் உள்ள தோட்டமொன்றில் அது முதன்முதலாக விடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் தீபகற்பம் முழுவதும் பரவி, கையால் தூவும் வேலையைத் தேவையற்றதாக்கியது. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்த வண்டு முட்டையிடுவதும் வளர்வதும் ஆண் பூவில். பெண் பூவும் அதே சோம்பு மணத்தை வெளியிடுவதால், வண்டு உடலில் ஒட்டிய மகரந்தத்தோடு அங்கும் சென்று திரும்புகிறது. மலர்ந்த ஆண் பூங்கொத்து ஒன்றை வெள்ளைத்தாளின் மேல் தட்டிக் காட்டினால் போதும். சமையலறையில் அறிந்த மணத்தை மாணவர் தாமே இனங்காண்கின்றனர், ஊர்ந்தோடும் வண்டுகளை எண்ணத் தொடங்குகின்றனர், பூச்சிக்கொல்லியைக் கண்மூடித் தெளித்தால் காய்ப்புக்கு என்னவாகும் என்ற வினாவுக்குத் தாமாகவே வந்து சேர்கின்றனர். உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்திருத்தல் என்ற பாடநூல் தலைப்புக்கு இதைவிடத் தெளிவான சான்று அம்மாவட்டத்தில் இல்லை.

வட்டத்தின் மற்றொரு பாடமான கூகை பற்றிய பாடத்துக்கு ஒரு தடை இருந்தது. வெண்முகம் கொண்ட கூகையைத் தோட்டத்து மக்கள் கேட்டின் அறிகுறியாகக் கருதி வந்தவர்கள். அது வீட்டின் அருகே அலறினால் சாவு வரும் என்ற அச்சம் இன்றைய பிள்ளைகளிடமும் உண்டு. மறுபுறம், செம்பனைத் தோட்டங்கள் எலியைக் கட்டுப்படுத்த மரப்பெட்டிகளைக் கம்பங்களில் நிறுத்திக் கூகைகளைக் குடியேற்றி வருகின்றன. ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் ஆண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளை உண்ணும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. கூகை தான் செரிக்க இயலாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்குகிறது. பெட்டியின் கீழே கிடக்கும் அவ்வுருண்டைகளை வெயிலில் காயவைத்து, அடுப்பில் சூடாக்கிக் கிருமி நீக்கிய பின், மாணவர் கையுறை அணிந்து பிரித்து, எலியின் மண்டையோட்டையும் தாடையையும் வரிசைப்படுத்தும்போது, அச்சம் மெல்ல ஆர்வமாக மாறுகிறது. எலிநஞ்சை உண்ட எலியைத் தின்னும் கூகையும் மடியக்கூடும் என்பதை உணவுச் சங்கிலியின் படத்தில் அம்புக்குறி வரைந்து காட்டுவதைக் காட்டிலும் இந்த வழி ஆழமாகப் பதிகிறது. பெற்றோரின் நம்பிக்கையைப் பழிப்பது ஆசிரியரின் வேலை அன்று. எலும்புகளை எண்ணிய பிள்ளை வீட்டில் எடுத்துரைக்கும் செய்தி, ஆசிரியரின் சொல்லைவிட எளிதாக ஏற்கப்படுகிறது.

இவற்றையெல்லாம் விடக் கடினமான பாடம் செம்பனையைப் பற்றிய உலக விவாதமே. காடழிப்பின் காரணமாகச் செம்பனை எண்ணெயைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல் இணையத்தில் பிள்ளைகளை எட்டுகிறது. அப்பிள்ளைகளின் பாட்டனும் பாட்டியும் ரப்பர் எனும் பால்மரத்திலும் செம்பனையிலும் உழைத்து அவர்களின் பெற்றோரைப் படிக்க வைத்தவர்கள். வட்டம் நீண்ட உரையாடலுக்குப் பின் எடுத்த நிலை, இரண்டு உண்மைகளையும் ஒருசேர வகுப்பில் வைப்பதாகும். மேற்குக் கரையின் தாழ்நிலக் காடுகள் பெருமளவில் அழிந்ததும், அதனால் உயிரினங்கள் வாழிடம் இழந்ததும் மறைக்கப்படக் கூடாதவை. அதேபோல், ஓர் எக்டர் செம்பனை தரும் எண்ணெய் ஓர் எக்டர் சோயா தருவதைப் போல் பல மடங்கு என்பதால், அதை அப்படியே வேறு பயிரால் ஈடுசெய்தால் மேலும் நிலம் தேவைப்படும் என்பதும் மறைக்கப்படக் கூடாதது. காட்டை வெட்டும் முடிவு லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளில், வாழ்ந்தோருடையது அன்று. தன் குடும்பத்தின் உழைப்பைக் குற்றமாகக் காணும் பிள்ளை சூழலை நேசிக்கக் கற்றுக்கொள்வதில்லை. ஆகவே, புதிய காட்டைத் தொடாதிருத்தல், மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல் சிதைத்து மண்ணில் மட்கவிடுதல், இளமரங்களுக்கிடையே நைட்ரசனை மண்ணில் நிறுத்தும் அவரைக் குடும்பத்து மூடுபயிரை வளர்த்தல், ஆற்றங்கரையில் பயிரிடாத பட்டையை விட்டுவைத்தல் என நல்ல தோட்டமும் தீய தோட்டமும் வேறுபடும் இடங்களை அறிந்துகொள்வதே பாடத்தின் குறிக்கோளாக வைக்கப்பட்டது.

கடற்பக்கம் திரும்பினால் தஞ்சோங் துவான் இருக்கிறது. ஆட்சிமுறைப்படி மலாக்கா மாநிலத்துக்கு உரிய இந்த முனை, போர்டிக்சன் கடற்கரையின் தொடர்ச்சியாகவே அமைந்து, கலங்கரை விளக்கத்தையும் எஞ்சிய கடலோரக் காட்டையும் தாங்கி நிற்கிறது. குளிர்காலத்தைச் சுமாத்திராவில் கழித்த தேன்பருந்துகள் வடக்கே திரும்பும்போது, நீரிணை குறுகியிருக்கும் இவ்விடத்தைத் தேர்ந்து கடக்கின்றன. நிலம் சூடாகும்போது எழும் வெப்பக்காற்றில் சிறகை விரித்து மிதப்பது அவற்றின் பறக்கும் முறை. நீர்ப்பரப்பில் அத்தகைய காற்று வலுவாக எழாததால், சிறகடித்தே கடலைக் கடந்து களைத்துத் தாழ்வாகக் கரை சேர்கின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000 முதல் மார்ச் மாதத்தில் இங்கு இரைகொல்லிப் பறவைக் காண்விழாவை நடத்தி வருகிறது. வட்டத்தின் ஆசிரியர் இதைப் பால்மரம் இலையுதிர்க்கும் பருவத்தோடு இணைத்துக் கற்பிக்கின்றனர். தோட்டத்தில் காய்ந்த இலை சரசரக்கும் நாட்களில் கடலுக்கு மேல் பருந்து வரும் என்ற ஒற்றைச் செய்தியிலேயே பருவம், வெப்பம், வலசை ஆகிய மூன்றும் வந்துவிடுகின்றன. பெரிய விழா நாளில் கூட்டத்தின் நடுவே பிள்ளைகளை நிறுத்துவதைவிட, அதே மாதத்தின் வேறொரு காலையில் சிறு குழுவாக அழைத்துச் சென்று, அரைமணி நேரத்துக்கு எத்தனை பறவை என எண்ணி எழுதச் செய்வது பயனுடையது என்பது வட்டத்தின் கருத்து.

கடற்கரைத் துப்புரவும் எண்ணிக்கை இல்லாவிட்டால் வெறும் கோத்தோங் ரோயோங்காக, அதாவது கூட்டுப்பணியாக, முடிந்துவிடுகிறது. உறிஞ்சுகுழல், புட்டி மூடி, சிகரெட் முனை, வலைத்துண்டு என வகைபிரித்து எண்ணிப் பதிவு செய்யும் முறையை உலகளாவிய கடற்கரைத் துப்புரவு இயக்கம் பல ஆண்டுகளாகப் பின்பற்றுகிறது. அதையே தெலுக் கெமாங் மணலில் செய்தால், கணிதப் பாடத்தின் பட்டைக் குறிவரைவுக்குச் சொந்தத் தரவு கிடைக்கிறது. நெகிரி செம்பிலானில் 2015 செப்டம்பர் முதல் வீட்டுக் கழிவைப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், பள்ளியில் பழகியது வீட்டு வாசலுக்கும் செல்கிறது.

புகைமூட்டம் யாரும் கேட்காமலேயே வந்து சேரும் பாடம். 2015 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் மாநிலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதை மாணவர் விடுமுறையாக மட்டுமே நினைவில் வைத்திருந்தனர். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு ஐம்பது வரை நலமானது, நூறைத் தாண்டினால் நலக்கேடானது, முந்நூறைத் தாண்டினால் ஆபத்தானது என்ற படிநிலையை வகுப்பில் தொங்கவிட்டு, அன்றாட அளவை மாணவர் ஒருவர் எழுதிவரும் பழக்கம் சில வகுப்புகளில் நிலைத்தது. ஜிமா கடற்கரையில் 2009இலும் 2019இலும் இயங்கத் தொடங்கிய இரு நிலக்கரி மின்நிலையங்கள், முறையே 1,400, 2,000 மெகாவாட் திறன் கொண்டவை. அவற்றின் புகைபோக்கிகளைக் காணும் பிள்ளைகளுக்குப் புதுப்பிக்கக்கூடிய சக்தி என்ற பாடம் படத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பொருள் இவ்வளவு இருந்தும், அவற்றைத் தமிழில் எழுதிவைத்த பாடத்துணை குறைவாகவே இருந்தது. 2003 முதல் சில ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டமையால், அக்காலத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு அறிவியலைத் தமிழில் விரித்துச் சொல்வதில் தயக்கம் இருந்தது. வழிகாட்டிகள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ கிடைத்தன. வட்டத்தின் ஆசிரியர் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பகிர்ந்து, வகுப்பில் நடத்தியபின் திருத்தினர். இந்தத் திருத்தமே பயிற்சிப் பட்டறைகளைவிட ஆசிரியரை வளர்த்தது. ஏனெனில் ஒருவரது குறிப்பை மற்றொருவர் நடத்திப் பார்த்துக் குறை சொல்லும்போது, அதில் மேலதிகாரியின் மதிப்பீடு கலப்பதில்லை.

இங்குக் கவனிக்க வேண்டிய மற்றொன்று, தோட்டத்தின் அருகே பயிலும் பிள்ளைகள் இன்று தோட்டத்தில் வாழ்வதில்லை என்பதாகும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழியே வளர்ந்த இப்பள்ளிகளுக்கு, இப்போது வீடமைப்புப் பகுதிகளிலிருந்து வேனில் மாணவர் வருகின்றனர். தோட்ட வேலையைப் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர் செய்கின்றனர். விடியுமுன் ஏன் பால்வெட்டப் போனார்கள், குளிர்ந்த வேளையில் ஏன் பால் மிகுதியாக ஊறுகிறது என்பதைச் சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதிவரும் வீட்டுப்பாடத்தை வட்டம் எல்லாப் பள்ளிகளிலும் புகுத்தியது. தமிழ்மொழிப் பணித்தியமும் அறிவியல் பணித்தியமும் சேர்ந்து நடத்தக்கூடிய இப்பாடத்தில், இரு பாட ஆசிரியரும் முதன்முறையாக ஒரே தாளைத் திருத்தினர்.

இடையூறுகளுள் முதன்மையானது ஆசிரியர் இடமாற்றம். ஆர்வமுள்ள ஒருவர் மாறிச் சென்றதும் அப்பள்ளி வட்டத்திலிருந்து உதிர்வது வழக்கமாக இருந்தமையால், பள்ளிக்கு இருவர் என்ற விதி பின்னர் ஏற்பட்டது. அடுத்தது கோப்பு. சூழல் நடவடிக்கை எதுவாயினும் படமும் அறிக்கையும் கேட்கப்படுவதால், ஆசிரியர் செயலைவிடச் சான்றைத் திரட்டுவதில் நேரம் செலவிடுகின்றனர். ஆகவே வட்டம் எவரிடமும் அறிக்கை கேட்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவாயிற்று. மூன்றாவது, நிலம். தோட்டப் பள்ளிகள் பலவற்றின் நிலம் தோட்ட நிறுவனத்துக்கே உரியது என்பதால், ஒரு மரம் நடவும் இசைவு பெற வேண்டியிருக்கும். இசைவை எளிதில் தந்த நிர்வாகிகளும் உண்டு, கடிதத்துக்கு மறுமொழி தராதவர்களும் உண்டு.

இவை எவற்றுக்கும் பெரும்பொருள் தேவையில்லை. மாதம் ஒருமுறை ஓர் ஆசிரியரை அரைநாள் விடுவித்து அண்டைப் பள்ளிக்கு அனுப்பத் தலைமையாசிரியர் இசைந்தால், அந்தப் பயணத்தைப் பணியாக ஏற்க மாவட்டக் கல்வி இலாகா முன்வந்தால், பிள்ளைகள் செம்பனை நிரைக்குள் ஆசிரியரோடு நடந்துவரத் தோட்ட நிர்வாகம் வாயிலைத் திறந்தால் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இக்கோரிக்கையைத் தம் அடுத்த ஆண்டுக் கூட்டத்திலேயே முன்வைக்க வேண்டும்.